நர்சுகளும் டி.பி.யும்: யாரோடு ஒப்பிடுவது?

காசநோய் வார்டில் வேலை பார்ப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இன்று இது யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனால் மருத்துவ உலகம் இதை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம், ஒரு தப்பான ஒப்பீடு.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இது பரம்பரை நோய் என்று நம்பியிருந்தவர்களுக்கு அதிர்ச்சி. அதே ஆண்டு லண்டனிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. காசநோயாளிகளுக்கென்றே நடந்த பிராம்ப்டன் மருத்துவமனையின் டாக்டர் தியோடர் வில்லியம்ஸ், ஊழியர்களின் பழைய விவரங்களைத் திரட்டினார். டாக்டர்கள், நர்சுகள், வேலையாட்கள்... யாரிடமும் நோய் வெளியில் உள்ளதைவிட அதிகம் இல்லை, எனவே இது எளிதில் தொற்றும் நோய் அல்ல என்றார்.

கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட நகர மக்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே கிருமியை வாங்கியவர்கள். ஊரே மழையில் நனைந்து நிற்கும்போது குடை இல்லாதவரை எப்படி அடையாளம் காண்பது? இன்னொன்று, இந்த நோய் வெளிப்பட மாதங்கள், வருடங்கள்கூட ஆகலாம். வேலையை விட்டுப் போன நர்ஸ் வீட்டில் படுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது.

சரியான கேள்வியைக் கேட்டவர் நார்வேயின் டாக்டர் யோஹான்னஸ் ஹைம்பெக். இன்றைய ஆஸ்லோவின் ஊலவோல் மருத்துவமனையில், 1924 முதல், பயிற்சிக்குச் சேரும் நர்ஸ் மாணவிகளுக்கு முதலிலேயே டியூபர்குலின் சோதனை செய்தார். உடலில் ஏற்கெனவே கிருமி புகுந்திருக்கிறதா என்று காட்டும் தோல் சோதனை அது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிருமி இல்லை. மூன்று வருடப் பயிற்சி முடிவதற்குள் அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றிவிட்டது! நோயில் விழுந்தவர்களிலும் பெரும்பாலோர் இவர்களே. ஊர் மக்களோடு ஒப்பிடாமல், வாசலில் நுழையும்போது ஒரே இடத்தில் நின்ற இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டதால் உண்மை தெரிந்தது. 1920களின் பிற்பகுதியில் அவர் மாணவிகளுக்கு பி.சி.ஜி. ஊசி போடவும் ஆரம்பித்தார்.

அப்போதும் எதிர்ப்பு இருந்தது. பெரியவர்களுக்கு வரும் காசநோய் சிறுவயதுக் கிருமி மறுபடி விழிப்பதுதான் என்பது அன்றைய பெரும்பான்மைக் கருத்து. அப்படியானால் மருத்துவமனைக்குப் பொறுப்பில்லை, நஷ்டஈடும் இல்லை. இங்கிலாந்தில் நடந்து 1948இல் வெளியான ப்ராஃபிட் ஆய்வும் நர்சுகளின் ஆபத்தை உறுதி செய்தது. பிரிட்டனில் காசநோய் மருத்துவ ஊழியர்களின் தொழில்சார் நோயாகச் சட்டத்தில் ஏறியது 1951இல்தான்.

கதை அதோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் 2003 முதல் 2008 வரையான ஒரு மருத்துவமனைக் கணக்கு 2010இல் வெளியானது. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், சுகாதார ஊழியர்களில் லட்சத்துக்கு 64.8 பேர். மற்றவர்களில் 11.9 பேர். ஐந்து மடங்குக்கும் மேல்!

எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். பக்கத்தில் எந்த எண்ணை நிறுத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பிராம்ப்டன் கணக்கில் அதைப் பார்க்காமல் விட்டதற்கு விலை கொடுத்தவர்கள், இருபது வயதில் வார்டுக்குள் நுழைந்த பெண்கள்.