வண்டிக்கு மூடிய தெருக்கள்: கோபன்ஹேகன் முதல் பாண்டி பஜார் வரை



நம் குடியிருப்பின் பின்பக்க கேட் திறக்கிற கடைத்தெருவை, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை வண்டிகளுக்கு மூடலாமா என்று ஒரு யோசனை வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். நம் சங்கத்தின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாதத்தை முழுவதும் படித்தேன். "இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரி, நமக்கு ஒத்துவராது" என்றார் ஒருவர். "வெளிநாட்டில் எல்லா ஊரிலும் இப்படித்தான்" என்றார் இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை இல்லை. அங்கேயும் இதே சண்டை நடந்திருக்கிறது. சில ஊர்களில் தெரு பிழைத்தது, சில ஊர்களில் படுத்துவிட்டது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போனால் பேச்சு உருப்படியாக இருக்கும் என்பதால் இந்தக் கட்டுரை.

கிறிஸ்துமஸ் ஏற்பாடாகத் தொடங்கியது

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் உள்ள சதுக்கத்திலிருந்து கோங்கன்ஸ் நிடோர்வ் என்ற பெரிய சதுக்கம் வரை ஒரு கடைத்தெரு போகிறது. ஒன்றையடுத்து ஒன்றாக வரும் பல தெருக்கள்தான் அவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்ட்ரோயெட் என்று பெயர். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் சுமார் 11 மீட்டர்தான். நம் கடைத்தெருவைவிட ரொம்பப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் கார்கள் வேகமாகப் பெருகின. குதிரை வண்டிக் காலத்தில் உருவான இந்த ஒடுக்கமான தெருவிலும் கார்கள் புகுந்தன. நடப்பவர்கள் சுவரோரமாக ஒடுங்கிப் போக வேண்டிய நிலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் ஓரிரு நாள் வண்டிகளை நிறுத்தி, ஜனங்களை நிம்மதியாக நடந்து சாமான் வாங்க விடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அதாவது, அது ஒரு பண்டிகைக்கால ஏற்பாடு.

1962 நவம்பர் 17, சனிக்கிழமை அன்று தெருவை மூடினார்கள். இந்த முறை அதைப் பண்டிகையோடு முடிக்காமல், சோதனை முயற்சியாக நீட்டினார்கள். இதை முன்னின்று நடத்தியவர் நகர ஆட்சியில் இருந்த ஆல்ஃப்ரெட் வாஸ்ஸார்ட். அவருக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது என்று சொல்வார்கள்.

எதிர்ப்பு இரண்டு வகையாக வந்தது. முதலாவது, வியாபாரிகளின் பயம். கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், கடையை மூட வேண்டியதுதான் என்றார்கள். இரண்டாவது, குணத்தைப் பற்றியது. நாம் டேனிஷ்காரர்கள், இத்தாலிக்காரர்கள் இல்லை. குளிரிலும் மழையிலும் தெருவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். "நமக்கு ஒத்துவராது" என்று நம் குழுவில் வந்த வாக்கியத்தை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே டேனிஷ் மொழியில் சொல்லிவிட்டார்கள்!

1964-ல் அந்தச் சோதனையை நிரந்தரமாக்கினார்கள். கடைகள் மூடப்படவில்லை. வாசலில் மேசை நாற்காலி போட்டார்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் நாளில் இடம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய சில நடைமுறைகள் உண்டு. சரக்கு வண்டிகளை அடியோடு தடுக்கவில்லை; காலை நேரத்தில் அவை வந்து இறக்கிவிட்டுப் போகலாம். குறுக்குத் தெருக்களில் போக்குவரத்து இருந்தது. சைக்கிளுக்குப் பெயர்போன அந்த ஊரிலேயே, இந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

எண்ணிப் பார்த்த மனிதர்

இந்தத் தெருவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1936-ல் பிறந்த யான் கேல் என்ற கட்டடக் கலைஞர், மனைவி இங்கிரிட்டோடு 1965-ல் இத்தாலிக்குப் போனார். இங்கிரிட் மனவியல் படித்தவர். கட்டடம் கட்டுகிறவர்கள் மனிதர்களைப் பற்றி ஏன் யோசிப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. இத்தாலியச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று இருவரும் குறித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் கேல் அதே வேலையை ஸ்ட்ரோயெட்டில் தொடர்ந்தார். கையில் நோட்டும் பென்சிலுமாக, குளிர்காலத்திலும் கோடையிலும், எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினார். 1971-ல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார்.

மக்கள் நின்று பார்ப்பது கடைக் கண்ணாடிகள், சினிமா விளம்பரங்கள், தெருவில் வாசிக்கிற பாட்டுக்காரர்கள், முக்கியமாக மற்ற மனிதர்கள். வங்கி வாசலிலும் அலுவலக வாசலிலும் நிற்பவர்கள் மிகக் குறைவு என்று அவர் கண்டார். வாழ்க்கையெல்லாம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

1968, 1986, 1995 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. நடப்பவர்களுக்கான இடம் கூடக்கூட, அங்கே வந்து பொழுதைக் கழிப்பவர்களும் ஏறக்குறைய அதே அளவில் கூடிக்கொண்டே போனார்கள். 1962-ல் சுமார் 15,800 சதுர மீட்டராக, அதாவது 4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இருந்த கார் இல்லாத பகுதி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் ஒரு லட்சம் சதுர மீட்டர், அதாவது 25 ஏக்கர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரே நாளில் இல்லை. 1968-ல் ஒரு தெரு, 1973-ல் ஒரு தெரு, 1980-ல் படகுத்துறை ஓரத்தில் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த நியூஹவ்ன் என்று சிறிது சிறிதாக. நகர மையத்தில் கார் நிறுத்தும் இடங்களையும் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் என்ற கணக்கில் மெதுவாகக் குறைத்தார்கள். ஜனங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

நஷ்டக் கணக்கும் உண்டு. கூட்டம் பெருகியதும் கடை வாடகை ஏறியது. பழைய உள்ளூர்க் கடைகள் பல போய், உலகம் முழுவதும் கிளை வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களும் சுற்றுலாப் பயணிகளுக்கான நினைவுப்பொருள் கடைகளும் வந்தன. தெரு ஜெயித்தது; தெருவில் முன்பிருந்த எல்லோரும் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது.

வேறு ஊர்களில்

பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில் 1972-ல் நடந்தது வேறு மாதிரி. மேயர் ஜைமே லெர்னருக்கு அப்போது வயது 34. வியாபாரிகள் நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து, வெள்ளிக்கிழமை மாலை கடை மூடும் நேரத்தில் வேலையைத் தொடங்கி, திங்கட்கிழமைக்குள் முக்கியக் கடைத்தெருவை நடைத்தெருவாக மாற்றிவிட்டார். கோபப்பட்ட கார்க்காரர்கள் வண்டியை உள்ளே ஓட்டிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, தெருவில் நீளமாகக் காகிதத்தை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய உட்கார வைத்தார். எதிர்த்த வியாபாரிகளே பிறகு மிச்சத் தெருவையும் மூடச் சொல்லி மனு கொடுத்ததாக லெர்னர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்று: அவர் ராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்ட மேயர். ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. அந்த அவசரம் நமக்கு முன்மாதிரியாக முடியாது.

அமெரிக்காவின் கதை தலைகீழ். 1959-ல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் தொடங்கி, பல ஊர்கள் தங்கள் முக்கியக் கடைத்தெருவை மூடின. பெரும்பாலானவை தோற்றன. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979-ல் பேருந்து தவிர மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள். 1996-ல் பழையபடி திறந்துவிட்டார்கள். கலமசூவிலேயே 1998-ல் ஒரு பகுதியில் கார்கள் திரும்பி வந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த நகர மையங்களில் குடியிருப்பவர்கள் குறைந்துபோய், ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் வந்துவிட்டன. ஏற்கெனவே ஆள் வராத தெருவில் காரை நிறுத்துவதால் மட்டும் ஆள் வந்துவிடாது. நடந்து வரும் தூரத்தில் மனிதர்கள் வாழ வேண்டும், அல்லது பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் வர வேண்டும்.

நம் யோசனைக்கு மிக நெருக்கமானது கனடாவின் மொன்றியல். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற அந்த ஊரில், செயின்ட் கேத்தரின் தெருவின் ஒரு பகுதியை 2008 முதல் கோடையில் மட்டும் வண்டிக்கு மூடினார்கள். கோடை முடிந்ததும் கார்கள் திரும்பி வரும். பருவத்துக்கு ஏற்ப மூடித் திறப்பதையே அங்கே வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில்

நமக்கும் இது புதிதல்ல. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் எந்த வண்டி போகிறது? மதுரையில் சித்திரைத் தேர் வரும்போது மாசி வீதிகளில் யார் காரை நிறுத்துகிறார்கள்? பருவத்துக்கு ஒருமுறை தெருவை நடப்பவர்களிடம் கொடுப்பது இங்கே பல தலைமுறை வழக்கம். அந்த நாட்களில் வியாபாரம் குறைந்தது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் இன்னொரு வகை. அங்கே தியாகராய சாலையில் வண்டிகளை அடியோடு நிறுத்தவில்லை. சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இடம் போட்டார்கள். மாலையில் போய்ப் பார்த்தால், ஒன்றும் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் ஓடி விளையாடும் குழந்தைகளையும் பார்க்கலாம். அதே சமயம், தெரு முனைகளில் வண்டி நிறுத்துவதில் உள்ள தொல்லையையும் பார்க்கலாம்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் படித்த பிறகு, மூன்று வார யோசனையை நாம் எதிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு சம்மதிக்க வேண்டும்.

முதலாவது, தொடங்கும் தேதியோடு முடியும் தேதியையும் எழுத்தில் தர வேண்டும். நீட்டிப்பதாக இருந்தால் மறுபடியும் கேட்டுத்தான் நீட்ட வேண்டும்.

இரண்டாவது, எண்ண வேண்டும். மூடுவதற்கு முந்தைய வாரம் மாலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள், மூடிய பிறகு எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. கடைக்காரர்களிடமும் விற்பனை கூடியதா குறைந்ததா என்று கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற நாங்கள் நான்கைந்து பேர் நோட்டும் பேனாவுமாக உட்காரத் தயார். கணக்கு இல்லாவிட்டால், அடுத்த வருஷமும் இதே சண்டையை இதே வாக்கியங்களில் போட்டுக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, தண்ணீர் லாரி ஆகியவற்றுக்குப் பின்பக்க கேட் வரை வழி வேண்டும். தடுப்பை உடனே நகர்த்த ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். நடக்க முடியாதவர்களை ஏற்றி வரும் ஆட்டோவையும் விட வேண்டும். பி பிளாக்கில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் வீட்டார் இதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்பது நியாயம்.

நான்காவது, நடைபாதை வியாபாரிகள். தெருவை அழகாக்குகிறோம் என்று பூக்கடை அம்மாவையும் செருப்புத் தைப்பவரையும் முதலில் அப்புறப்படுத்தினால், அந்தத் தெரு யாருக்காக என்ற கேள்வி வரும். அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களின் சிரமம் உண்மையான சிரமம்தான். மாலையில் முன்பக்க கேட்டில் நெரிசல் கூடும். அதை மறைத்துப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வாரத்துக்கு அதைத் தாங்கலாமா என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும். கூட்டத்துக்கு வாருங்கள், எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள்.