அஸ்ரோல்: ஒரு வேரின் வரலாறு

யூனானி ஹகீம்கள் அஸ்ரோல் என்றும், ஆயுர்வேத வைத்தியர்கள் சர்ப்பகந்தா என்றும் வழங்கிய சிறு செடி நம் துணைக்கண்டக் காடுகளுக்கு உரியது. தூக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் அதன் வேர் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது.

இவ்வனுபவ அறிவை நவீன ஆய்வுக்கு உட்படுத்த விரும்பியவர் ஹகீம் அஜ்மல் கான். டில்லியில் அவர் உருவாக்கிய திப்பிய்யாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். 1927இல் ஹகீம் மறைந்த பின்னும் அப்பணி நிற்கவில்லை. ஜெர்மனியில் வேதியியல் பயின்று திரும்பிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி, 1931இல் அவ்வேரிலிருந்து ஒரு மூலப்பொருளைப் பிரித்தெடுத்து, தம் புரவலரின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். பின்னாளில் அது இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாயிற்று. இரத்தக் கொதிப்புக்கு அவ்வேர் பயன்படுவதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எடுத்துரைத்தார். 1952இல் ஸ்விட்சர்லாந்தில் 'ரெஸர்பின்' பிரித்தெடுக்கப்பட்டது.

இப்புகழே செடிக்குப் பகையாயிற்று. மருந்து வேரில் இருப்பதால் முழுச் செடியும் பிடுங்கப்படுகிறது. விதை முதிருமுன் பிடுங்கினால் அடுத்த தலைமுறைச் செடிக்கு வழியில்லை. எனவே 1990இல், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்தான் என நம்புகிறவர்கள் நாம். அம்மருந்தைச் சுமக்கும் செடி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ? யூனானி மருந்தகங்கள் காட்டு வேரை நாடாது, பயிரிட்ட வேரையே வாங்குமாறு செய்வதே ஹகீமுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.