டவர் சொன்ன ஊர்ப்பெயர்

நம்ம செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கால நோக்கியா போன் திரையில் நாம் நிற்கும் பகுதியின் பெயர் தானாக வந்து நிற்கும். அடையாறு போனால் அடையாறு, தி.நகர் போனால் தி.நகர். "எப்படிடா கண்டுபிடிக்குது?" என்று வியந்தவர்கள் பலர்.

உண்மையில் போன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஜி.எஸ்.எம். முறையிலேயே இருந்த 'செல் பிராட்காஸ்ட்' வசதியின் வேலை அது. திருவிழா ஒலிபெருக்கி மாதிரி, டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லும். எஸ்.எம்.எஸ். போல ஒவ்வொரு எண்ணாக அனுப்ப வேண்டியதில்லை, யாருடைய எண்ணும் தெரிய வேண்டியதில்லை, நெரிசலிலும் திணறாது.

2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. சுனாமி சென்னைக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டவர் இருந்தது, ஓரளவு போனும் இருந்தது, நேரமும் இருந்தது. சொல்வதற்கு ஏற்பாடுதான் இல்லை.

ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 2007 இல் இதே முறையில் நிலநடுக்க எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது. நம் நாட்டில் 2023 இல் போன்கள் எல்லாம் சேர்ந்து அலறினவே, அந்தச் சோதனையும் இதுதான். சுனாமிக்கும் அதற்கும் இடையே 19 ஆண்டுகள்.

தம்பி, தங்கைகளே! ஒரு கருவி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு இஞ்சினியர் வேலை முடிவதில்லை. ஆபத்தில் அது யாருக்கு உதவும், அதற்கு யார் பொறுப்பு? அடுத்த புராஜெக்ட் ரிவியூவில் இதையும் கேளுங்கள்.