வெடிக்காமல் சோதிப்பது எப்படி

புதிதாக ஒரு கோல்ஃப் மட்டை வாங்குகிறவர் அதன் தலைப்பகுதியின் வடிவத்தை முதலில் உற்றுப் பார்க்கிறார். பிறகு கையில் பிடித்துக் கனம் பார்க்கிறார். கடைசியாக நாலு கூடைப் பந்துகளை அடித்துப் பார்த்துவிட்டு, மனதுக்கு ஒப்பவில்லை என்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார். தோற்றம், பிடிமானம், செயல்திறன் என்ற மூன்று சோதனைகளும் முடிந்தபின் அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது சோதித்த அதே மட்டையைத்தான். சிவகாசிப் பட்டாசுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு லட்சுமி வெடி நல்ல வெடியா என்று அறிய அதை வெடித்தாக வேண்டும். வெடித்துவிட்டால் விற்கவோ வாங்கவோ ஒன்றும் மிச்சமில்லை. சோதித்த வெடி ஒன்று, வாங்கும் வெடி வேறொன்று. விருதுநகர் மாவட்டத்தின் இந்தக் கந்தக பூமியில் நூறு ஆண்டுகளாக நடந்த பல மாற்றங்களை இந்த ஒரு சிக்கலிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம். வண்ண லேபிளும் மிருக முத்திரையும், டெசிபல் மீட்டரும் நீதிமன்ற ஆணையும், கடைசியில் வந்த கியூஆர் குறியும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட பதில்கள். பதில்கள் மாறினாலும் அவை திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அட்டைப்பெட்டியின் மேற்புறம்தான்.

கண்ணாலும் கையாலும் எதுவுமே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. அணுகுண்டு என்று பிள்ளைகள் சொல்லும் சணல் சுற்றிய வெடியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றின் கலவை. அதைத் திறந்த தரையில் கொட்டிக் கொளுத்தினால் பளிச்சென்று எரிந்து புகையும், அவ்வளவுதான். அந்த மருந்தைக் காகிதக் குழலில் அடைத்து, சணலை இறுக்கிச் சுற்றி, வாயு வெளியேற வழியில்லாமல் செய்யும்போதுதான் அது சத்தமாகிறது. ஆகவே விரலால் அழுத்திப் பார்த்துச் சுற்று இறுக்கமா தளர்வா என்று சொல்வது வெறும் பாவனை அல்ல. சத்தத்தின் காரணத்தையே தொட்டுப் பார்ப்பது. திரி உதிர்கிறதா, கம்பி மத்தாப்பின் பூச்சு வெடித்திருக்கிறதா, புஸ்வாணத்தின் அடி மண் கெட்டியாக இருக்கிறதா என்பதையும் கை சொல்லிவிடும். தீபாவளிக்கு முந்தின நாட்களில் மொட்டை மாடியில் பட்டாசைக் காயப்போடும் தமிழ் வீடுகள் ஒரு வகையில் இந்தத் தரப்பரிசோதனையின் கடைசிக் கட்டத்தைத்தான் நடத்துகின்றன. ஈரம்தான் பட்டாசின் முதல் எதிரி. மழை குறைந்த, காற்று வறண்ட இந்தக் கரிசல் பகுதியில் தொழில் வேரூன்றியதற்கும் அதுவே ஒரு காரணம். ஆனால் கை சொல்வது இவ்வளவுதான். மருந்து எந்த விகிதத்தில் கலக்கப்பட்டது, எத்தனை மாதம் குடோனில் கிடந்தது, வானத்தில் சிவப்பு சிவப்பாகவே விரியுமா என்பதெல்லாம் விரலுக்கு எட்டாதவை.

இந்தச் சிக்கல் தீப்பெட்டியில் இவ்வளவு கூர்மையாக இல்லை. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டே சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள் என்பது இந்த ஊரின் தொழில் வரலாற்றில் முதல் பக்கம். தீக்குச்சியும் ஒருமுறைப் பொருள்தான். ஆனாலும் ஒரு பெட்டிக்குள் நாற்பது ஐம்பது குச்சிகள் இருப்பதால், இரண்டைக் கிழித்துப் பார்த்தால் மீதியைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். விலையோ காலணா அரையணா. நட்டமும் சிறிது, தீர்ப்பும் உடனடி. வாங்குகிறவருக்கு இப்படி என்றால், வரி வாங்கும் அரசுக்கு வேறு கவலை. 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபோது பெட்டியில் உள்ள குச்சிகள் 40-க்குள்ளா, 60-க்குள்ளா, 80-க்குள்ளா என்று பார்த்து வரிவிகிதம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ண எந்த அதிகாரியாலும் முடியாது என்பதால், வரி கட்டியதற்குச் சாட்சியாகப் பெட்டியின் மேல் ஒட்டும் முத்திரைச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாதபோது வெளியே ஒட்டியிருப்பதை நம்புவது என்ற பழக்கத்தை அரசே இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்துவிட்டது.

பட்டாசு இங்கே தீப்பெட்டியின் பக்கத்துக் கிளையாகத்தான் முளைத்தது. வண்ணமாக எரியும் மத்தாப்புத் தீக்குச்சிகளில் தொடங்கிய வேலை மெல்ல வெடிக்கு நகர்ந்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் இல்லாமல் பட்டாசு செய்ய முடியாது என்றாயிற்று. அதே சமயம் இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவை அடைத்தது. இன்றைக்கும் பெயர் சொல்லி வாங்கப்படும் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1942-இல் தொடங்கியது தற்செயல் அல்ல. இங்கேதான் சோதனைச் சிக்கல் முழு உருவம் எடுக்கிறது. பட்டாசு ஆண்டு முழுக்கச் செய்யப்படுகிறது, வெடிக்கப்படுவதோ பெரும்பாலும் ஒரே பண்டிகையில். செய்த இடத்துக்கும் வெடித்த இடத்துக்கும் நடுவே ஆயிரம் மைல்களும், குடோனில் கிடந்த பல மாதங்களும் இருக்கின்றன. பீகாரில் ஒரு தெருவில் வெடித்த சரவெடி பாதியில் நின்றுபோனால், அந்தச் செய்தி சிவகாசிக்குத் திரும்பி வருவதற்கு ஒரே வழிதான் உண்டு: அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டுக்காரர் வேறு படம் போட்ட பெட்டியைக் கேட்பார். சோதனைக்கூடம் வாங்குகிறவரின் வாசல். முடிவு வெளிவர ஓராண்டு. அந்த முடிவை ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிக்குச் சுமந்து செல்ல ஏதாவது ஒன்று வேண்டும். பெட்டியின் மேல் முத்திரையாக அச்சிட்ட அணிலும் சேவலும் மயிலும் அந்த வேலையைத்தான் செய்தன. லேபிள் அச்சிட வந்த லித்தோ அச்சகங்கள் பெருகி, காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அச்சிடும் மூன்றாவது பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இந்தத் தேவையே விதை.   

இதை மறுத்துச் சொல்ல ஒரு வலுவான வாதம் உண்டு. மிருகப் படங்கள் வந்தது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக. வண்ணமும் பளபளப்பும் வந்தது கண்ணைக் கவர. இதில் சோதனை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு காரணமும் உண்மைதான். ஆனால் எழுத்தறியாதவருக்குப் படம் எதற்குத் தேவைப்பட்டது? அழகாக இருக்கிறது என்று ரசிக்கவா, போன வருஷம் நன்றாக வெடித்தது எது என்று நினைவில் வைத்துக்கொள்ளவா? ரசிப்பதுதான் நோக்கம் என்றால் ஆண்டுதோறும் புதுப்படம் போட்டவனே சந்தையை வென்றிருக்க வேண்டும். சில பழைய முத்திரைகள் மூன்று நான்கு தலைமுறையாக மாறாமல் நிற்கின்றன. அதைவிடப் பெரிய சாட்சி போலி. பெயர் பெற்ற முத்திரையின் சாயலில், ஓரெழுத்து மாற்றி, அதே நிறத்தில் லேபிள் அச்சிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. மதிப்பில்லாத ஒன்றை யாரும் போலி செய்வதில்லை. வெறும் அலங்காரத்தைத் திருட வேண்டிய அவசியமும் இல்லை. வேறொரு அலங்காரம் போதுமே. திருடப்பட்டது வாங்குகிறவர்கள் வருஷக்கணக்காக வெடித்துச் சேர்த்து வைத்த சோதனை முடிவு.

வாசலில் நடக்கும் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. வெடித்ததா, சத்தம் போதுமா, நிறம் சரியா என்று மட்டுமே அது கேட்கும். செய்த இடத்தில் அது எவ்வளவு ஆபத்தானது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் காதுக்கு என்ன ஆகும், காற்றில் என்ன கலக்கும் என்று கேட்காது. சொல்லப்போனால் அது எதிர்த்திசையில் தள்ளும்: சத்தம் கூடக் கூட மதிப்பெண் கூடும். இந்த இடத்தில்தான் சட்டம் நுழைந்தது. குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை மலிவு, பிரமாதமாக வெடிக்கும். ஆனால் லேசான உராய்விலேயே பற்றிக்கொள்ளும். 1992 ஜனவரியில் மத்திய அரசு அந்தக் கலவையைத் தடை செய்தபோது தீக்குச்சியின் தலை, விளையாட்டுத் துப்பாக்கிப் பொட்டு போன்ற சிலவற்றுக்கு விலக்கு அளித்தது. ஆக ஒரே ஊரில், ஒரே கலவை, ஒரு ஆலையில் சட்டப்படி சரி, பக்கத்து ஆலையில் குற்றம். வாங்குகிறவர் எத்தனை தீபாவளி வெடித்தாலும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

அடுத்து வந்தது ஒலி. 1999 அக்டோபர் 5-ஆம் தேதி அறிவிக்கை, வெடிக்கும் புள்ளியிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல், உச்ச அளவில் 145 டெசிபல் என்று எல்லை வகுத்தது. சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அதுவே சொன்னது: குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தரை, 15 மீட்டர் தூரம் வரை ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. கோத்த வெடிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு வெடிக்கான எல்லை குறையும். நூறு வெடி கோத்தால் 10 டெசிபல் கழியும், ஆயிரமானால் 15. அதாவது ஆயிரம் வாலாவில் இருக்கும் ஒரு வெடி 110 டெசிபலைத் தாண்டக் கூடாது. கணிதம் அழகானது. ஆனால் எந்தத் தெருவில் தீபாவளியன்று 15 மீட்டருக்குச் சுவர் இல்லாத கான்கிரீட் தரை இருக்கிறது? போதாததற்கு மேற்கு வங்கத்தில் 1990-களின் பிற்பகுதி முதல் 2023 வரை எல்லை 90 டெசிபல்தான். சிவகாசியில் தேறிய வெடி ஹவுராவில் இறங்கியதும் சட்டவிரோதம். மீட்டர் பொய் சொல்லாது என்பது சரி, ஆனால் அது எந்த வெடியைப் பற்றி உண்மை சொல்கிறது என்பதே கேள்வி. அது அளந்தது தீர்ந்துபோன ஒரு வெடியை.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-இல் ஒலி மாசு வழக்கில் அளித்த தீர்ப்பு இந்த முடிச்சை நேராகவே கையாண்டது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி எழுப்பும் பட்டாசுக்குத் தடை என்ற பகுதியைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. தொழிலின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது இன்னொரு பகுதி. ஒலியை அளந்து தரம் பார்ப்பதைவிட, உள்ளே என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து மதிப்பிடுவதே இந்திய நிலைமைக்கு நடைமுறைச் சாத்தியம் என்று நீதிமன்றம் சொன்னது. வெடிபொருள் துறை கலவைகளை வரையறுக்க வேண்டும். உற்பத்தியாளர் ஒவ்வொரு பெட்டியிலும் வேதிப்பொருள் விவரத்தை அச்சிட வேண்டும். உள்ளே இருப்பது அச்சிட்டதோடு ஒத்துப்போகாவிட்டால் அவரே பொறுப்பு. மீட்டரை நம்பி ஆறு ஆண்டு போன சட்டம் மறுபடி லேபிளிடம் வந்து சேர்ந்தது. அணில் படம் தன்னை நம்பச் சொன்னதற்கும் இந்த வேதிப்பட்டியலுக்கும் வேறுபாடு உண்டு: படம் போன வருஷத்தைப் பற்றிப் பேசியது, பட்டியல் இந்தப் பெட்டியைப் பற்றி உறுதி தருகிறது. உறுதி பொய்த்தால் யாரைப் பிடிப்பது என்பதும் தெரிகிறது.

எழுதிவைத்தால் போதுமா, எவன் வேண்டுமானாலும் எதையும் அச்சிடலாமே என்பது அடுத்த மறுப்பு. இது முதல் மறுப்பைவிடக் கனமானது, இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. 2018 அக்டோபர் 23-இல் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, புகை குறைந்த பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. பேரியம் பச்சை நிறத்துக்கு மட்டும் என்றால் தொழில் தாங்கியிருக்கும். கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் தரைச்சக்கரமும்கூட அதை நம்பியிருந்ததால் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பின்னர் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் கலவைகள் பசுமைப் பட்டாசு என்ற பெயரில் வந்தன. பழைய பட்டாசைவிட நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறைவு என்பது அவற்றின் தகுதி. 2019-இல் அவற்றின் பெட்டிக்குக் கியூஆர் குறி வந்தது. இரண்டே ஆண்டில், தடை செய்த பேரியம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்ற சிபிஐ அறிக்கை நீதிமன்றத்தின் முன் வந்தது. பெட்டியில் எழுதியதை அப்படியே நம்பியிருந்தால் இது வெளிவந்திராது. ஆனால் எப்படி வெளிவந்தது என்று பாருங்கள்: மாதிரி எடுத்து, உடைத்து, மருந்தைப் பகுத்து, பெட்டியில் சொன்னதோடு ஒப்பிட்டதால். லேபிள் இல்லையென்றால் பொய் என்று சொல்லவே ஓர் அளவுகோல் இருந்திராது.

நான் குறை சொல்வது வேறொன்றை. இந்தச் சோதனைகள் எல்லாமே பெட்டி மூடிய பிறகு தொடங்குகின்றன. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டபோது, அங்கிருந்த சரக்கு வாங்குகிறவரின் வாசலில் ஒரு தேர்விலும் தோற்றிருக்காது. மருந்து கலக்கும் அறையிலும் மணி மருந்து காயும் களத்திலும் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ வைக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமமா, சென்னை உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. உரிமமா என்று கேட்டால் ஆலையின் அளவைச் சிவகாசியில் சிறுவனும் சொல்லிவிடுவான். அந்த அளவுக்குள் வேலை நடக்கிறதா என்பதைப் பெட்டியின் எந்தப் பக்கமும் சொல்லாது. பெரிய பெயருக்கு இழக்க ஒரு முத்திரை இருக்கிறது. உள்குத்தகைக்கு எடுத்து வீட்டுக்குப் பின்னால் திரி சுற்றும் இடத்துக்கு இழக்க முத்திரை இல்லை, ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள். கலவையை வைத்து மதிப்பிடுவது என்ற 2005-ஆம் ஆண்டின் முடிவை உண்மையாகப் பின்பற்றினால், மாதிரி எடுக்க வேண்டிய இடம் கடையல்ல, கலவை அறையின் வாசல். நடப்பது அதுவல்ல. 2025 அக்டோபரில் டெல்லிக்குச் சில நாட்கள் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோது உச்ச நீதிமன்றம் கேட்டது, காவலர் அடங்கிய ரோந்துக் குழுக்கள் கடைகளில் கியூஆர் குறியைச் சரிபார்த்து, அங்கேயே மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும் என்று. ஆயிரத்து ஐநூறு மைல் பயணம் செய்து, வரியும் கட்டி, கடையில் அடுக்கிய பிறகு.