நள்ளிரவுக்குப் பின் நீரும் ஆகாதா?

லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் அறுவைச் சிகிச்சைக்குப் போய்வந்தவர் எவரைக் கேட்டாலும் ஒரு வாசகத்தைத் தவறாமல் சொல்வர்: "இரவு பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீரும் கூடாது." விடியுமுன் கடுங்கோப்பி அருந்திவிட்டுப் பெரட்டுக்குச் சென்று பழகிய என் அன்னையாரும் இக்கட்டளைக்குப் பணிந்து, மறுநாள் பிற்பகல் இரண்டு மணிவரை ஒரு மருத்துவமனைக் கட்டிலில் உதடு வறண்டு கிடந்தார். நோயினும் தாகமே கொடிதாயிருந்தது என்று அவர் பின்னர்க் கூறியதுதான் இவ்வாணையின் வரலாற்றைத் தேடுமாறு என்னைத் தூண்டிற்று.

மயக்க மருந்து வந்த நாளிலேயே அச்சமும் உடன்வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால்நகம் அகற்றுவதற்காகக் குளோரபாரம் முகர்ந்து சில நிமிடங்களில் இறந்தாள். அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்று, அம்மருந்தைப் பரப்பிய சிம்சன் வாதிட்டார். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் ஒடுங்கிவிடும். அப்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

எனினும் முன்னோர் சோற்றையும் நீரையும் ஒன்றாகக் கருதினாரல்லர். அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் போமான்ட், துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் மாறாத துளை ஏற்பட்ட ஒருவரின் இரைப்பையைப் பல்லாண்டுகள் நேரில் நோக்கி, நீர் அங்கே தங்காது விரைந்து கடப்பதை 1833இல் எழுதினார். லிஸ்டரோ 1880களில், திட உணவு ஆகாது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் நன்று என்றார்.

காரணம் எளிது. சோறு ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்ட பின்னரே இரைப்பையின் கீழ்வாயில் அதற்கு வழிவிடும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் பருகிய நீரிலோ ஏறத்தாழப் பாதி, 20 நிமிடங்களுக்குள் இறங்கிவிடும். பால் அமிலத்தில் திரிந்து கட்டியாவதால் உணவோடு சேர்த்தே எண்ணப்படும்.

இவ்வேறுபாடு எவ்வாறு மறைந்தது? 1946இல் நியூயார்க்கின் மெண்டல்சன், 44,016 பேறுகளில் 66 தாய்மாருக்கு மயக்கத்தின்போது வயிற்றுப் பொருள் நுரையீரலுக்குள் புகுந்ததை வெளியிட்டார். இறந்தவர் இருவர், இருவரும் திட உணவு அடைத்து மாண்டவர்கள். ஆயினும் பிற்காலத்தில் தடை நீருக்கும் சேர்த்தே இறுகியது. அறுவையின் நேரத்தை முன்கூட்டி உறுதிசொல்ல இயலாத மருத்துவமனைகளுக்கு அஃது எளிதாயும் இருந்திருக்கும்!

1986இல் கனடாவின் கேல்கரி நகரில் மால்ட்பியும் குழுவினரும், அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் 150 மில்லிலிட்டர் நீர் கொடுத்துப் பார்த்தனர். பட்டினி கிடந்தவர்களைவிட, நீர் பருகியவர்களின் இரைப்பையிலேயே நீர்மம் குறைவாயிருந்தது. பட்டினியிலும் இரைப்பை தன் சாற்றைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. 1999இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம், தெளிந்த நீர்மத்துக்கு இரண்டு மணி, பாலுக்கும் இலேசான உணவுக்கும் ஆறு மணி என்று வகுத்தது. லிஸ்டர் சொன்ன அதே இரண்டு மணி!

பேறுகால வலியில் இருப்போர், குடல் அடைப்புற்றோர், நீரிழிவால் இரைப்பை தளர்ந்தோர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. அதை மருத்துவரே முடிவுசெய்வார். என் அன்னையாருக்கு அக்குறை எதுவும் இல்லை. அன்று பெரட்டு நேரத்தில் பால் கலவாக் கோப்பி ஒரு குவளை பருகியிருந்தால், வெயில் ஏறுமுன்பே அது அவர் இரைப்பையை விட்டு நீங்கியிருக்கும்.