தலச்சேரி: கோட்டையும் அகராதியும்

வடமலபார்க் கடற்கரையிலுள்ள தலச்சேரி, பரப்பிற் சிறியதாயினும் வரலாற்றுச் செறிவு மிக்க நகரம். ஆங்கிலேயர் வழங்கிய ‘தெல்லிச்சேரி’ என்னும் வடிவம் ஆட்சி வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. மிளகு வணிகத்தில் மட்டும், பருமணி மிளகின் தரப்பெயராக, அது உலகச் சந்தையில் இன்றும் வழங்குகிறது.

நகருக்கு வருவோர் முதலில் நாடுவது கடலை நோக்கிய கோட்டையை. மிளகு, ஏல வணிகத்தைக் காப்பதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1708இல் அமைத்த செம்புரைக்கற் கோட்டை அது. அதன் கொத்தளங்களையும் வாயிலையும் பார்த்துத் திரும்புவோர்க்கு, இவ்வூரிலிருந்த கும்பினி அலுவலகம் மலையாள உரைநடை வரலாற்றுக்கு ஒரு பெருஞ்சான்றை விட்டுச் சென்றது தெரிய வாய்ப்பில்லை.

1792இல் மலபார் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. வடபகுதி நிர்வாகம் தலச்சேரியிலிருந்து நடைபெற்றது. அந்நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் சிற்றரசர்களும் ஊர்ப்பெரியோரும் குடிகளும் இங்கிருந்த அதிகாரிகளுக்கு மலையாளத்தில் கடிதங்கள் எழுதினர். நிகுதி பாக்கி, நிலத் தகராறு, மிளகுக் கணக்கு ஆகியன அவற்றின் பொருள். அதிகாரிகளின் ஆணைகளும் மலையாளத்திலேயே சென்றன. மலையாள உரைநடையை அச்சுக்கூடத்தோடும் சமயப் பரப்பாளரோடும் தொடங்குவது ஒரு வழக்கம். அச்சு வருமுன்னரே அன்றாட அலுவலுக்குப் போதுமான உரைநடை இயங்கிற்று என்பதற்கு இக்கடிதங்கள் சான்று. அவ்வழக்கத்தை இவை திருத்துகின்றன.

இவற்றின் மதிப்பை உணர்ந்தவர் ஹெர்மன் குண்டர்ட். 1836இல் இந்தியா வந்து, திருநெல்வேலிப் பகுதியில் தமிழ் பயின்ற பின்னரே அவர் மலையாளத்துக்கு வந்தார். 1839 முதல் நகரை அடுத்த நெட்டூர் இல்லிக்குன்னில் வாழ்ந்தார். 1847இல் ‘ராஜ்யசமாசாரம்’, ‘பச்சிமோதயம்’ என்னும் இதழ்கள் அங்கிருந்து கல்லச்சில் வெளிவந்தன. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார் என்றே பிறநாட்டார் இவரை அறிவர். மொழியறிஞர்க்கு அவ்வுறவு துணைச்செய்தி மட்டுமே. 1872இல் மங்களூரில் அச்சான அவருடைய மலையாள-ஆங்கில அகராதி, பாட்டு, பழமொழி ஆகியவற்றோடு தலச்சேரிக் கடிதங்களையும் மேற்கோளாகக் கொண்டது. அலுவலகத் தாளில் ஓர் எழுத்தர் எழுதிய சொல்லும் சான்றாகத்தக்கது என்ற துணிவு அக்காலத்தில் அரிது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இக்கடிதங்கள் ஒரு சோதனை. ‘நிகுதி’யை வரி எனப் பெயர்ப்பதில் இடரில்லை. ‘கும்பஞ்ஞி’ என்பதை ‘நிறுவனம்’ என்று பெயர்த்தால், எழுதியோர் எதிரே கண்ட ஆளும் அதிகாரம் மறைந்துவிடும். தமிழில் ‘கும்பினி’ என்ற பழைய வடிவம் இருப்பது நற்பேறு. அவ்வடிவத்தைக் கைவிட்டுப் புதுச்சொல் தேடுவது வீண்முயற்சி.

குண்டர்ட் 1859இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அவர் திரட்டிய ஏடுகளும் கையெழுத்துப்படிகளும் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. அங்கிருந்து பழசிராஜா தொடர்பான கடிதங்கள் 1994இலும், தலச்சேரிக் கடிதங்கள் 1996இலும் நூல்வடிவில் கேரளத்துக்குத் திரும்பின. எழுதப்பட்ட ஊர்க்கு அவை மீள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

சுற்றுப்புறத்தில், வண்டியோட்டத் தக்க நீள்மணற்பரப்புடைய முழப்பிலங்ஙாடு, நீர் வற்றுங்கால் நடந்தே செல்லத்தக்க தர்மடம் தீவு, போர்ச்சுக்கீசியர் 1505இல் எழுப்பிய கண்ணூர்க் கோட்டை ஆகியன உள. தெற்கே சில கிலோமீட்டரில் மய்யழி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து, இன்று புதுச்சேரியின் பகுதியாக உள்ள மாஹிக்கு உள்ளூரார் இட்டு வழங்கும் பெயர் அது. எம்.முகுந்தனின் 1974ஆம் ஆண்டு நாவல் அப்பெயரைத் தலைப்பிலேயே தாங்கியது. ஒரு சிற்றாறு கடந்ததும் அலுவல் மொழியும் சட்டமும் மாறிய அந்நாளில், இரு கரையிலும் பேசப்பட்டது ஒரே மலையாளம்.

இல்லிக்குன்னில் குண்டர்ட் வாழ்ந்த மனை இன்று அருங்காட்சியகம். டூபிங்கன் நூலகம் 2018இல் தன் குண்டர்ட் தொகுப்பை இணையத்தில் திறந்துவிட்டது. கோட்டையைக் கண்ட பின், அந்த மனைத் தாழ்வாரத்திலிருந்தே அக்கடிதங்களின் மூலப்படிகளைப் படிக்கலாம்.