டெல்கோவுக்குள் ஈரம்

2004 ஜூலை. கொல்கத்தாவில் முந்தின ராத்திரி முழுக்க அடைமழை. மத்தியானம் ஹவுராவில் சென்னை ரயில். நாலாம் நாள் தஞ்சாவூரில் தங்கை கல்யாணம். பெட்டிகளை டிக்கியில் ஏற்றி, மனைவியும் பையனும் பின்னால் உட்கார்ந்து, நான் சாவியைத் திருப்பினால்... செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. 1986 மாடல் அம்பாசடர், மார்க் 4. அலுவலக நண்பரிடம் சல்லிசாக வாங்கியது.

திருப்பினேன், திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகுதான் புத்தி வந்து ஊருக்குப் போன் போட்டேன். அப்பா பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் டிரைவர்.

"தம்பி, செல்ஃபை அடிச்சுக்கிட்டே இருக்காதே. ஹெட்லைட்டைப் போட்டுப் பாரு. பிரகாசமா, மங்கலா?"

"மங்கல்தான் அப்பா."

"மொதல்லயே மங்கலா, நீ அடிச்சு அடிச்சு மங்கலாச்சா?"

பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது :-)

அன்றைக்கு அந்த அரை மணி நேரத்தில் நான் கடந்து போனது நூறு வருஷ மோட்டார் சரித்திரம் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஜெர்மனி. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886-ல் காப்புரிமை வாங்கினார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அதிலேயே கிளம்பிவிட்டார். சுமார் நூறு கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் ஏது? வழியில் வீஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறி கொடுக்கும் ஒயர் உராய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றி மறைத்தார்.

ஒன்று எரிபொருள், மற்றது பொறி. இரண்டுமே அம்மா வீட்டுக்குப் போகிற வழியில்! நூற்றுப் பதினாறு வருஷம் கழித்து எங்கள் தெரு முனையிலிருந்து வந்த பிகார் மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "தேல் யா கரண்ட்?"

பென்ஸ் வண்டியைக் கிளப்ப, பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். அதற்கப்புறம் வந்த கார்களுக்கு முன்பக்கம் ஹேண்டில். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பொறி சற்று முன்னதாக விழுந்துவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை உடைக்கும், தாடையைப் பெயர்க்கும். அப்படி ஒரு அடியில் நண்பரை இழந்த வருத்தத்தில்தான் காடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லீலாண்ட் மாற்று வழி தேடினார் என்று ஒரு கதையும் உண்டு.

மாற்று வழி கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங், ஒஹையோ மாநிலத்துக்காரர். அதற்கு முன் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் இருந்தார். பொத்தானை அழுத்தினால் கல்லாப்பெட்டி தானே வேலை செய்ய மின்மோட்டார் வைத்தவர் அவர். அதில் கற்ற பாடம்: நாள் முழுக்கச் சுற்ற வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். ஓரிரு வினாடி மட்டும் இழுத்தால் போதும் என்றால் சின்ன மோட்டாரையே சக்திக்கு மீறி வேலை வாங்கலாம். இதையே காருக்குக் கொண்டுபோனார். 1911-ல் செய்து காட்டினார், 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஹேண்டில் சுற்றத் தெம்பில்லாதவர்களும் தனியாகக் கார் எடுக்க முடிந்தது.

அப்பா ஏன் "அடிச்சுக்கிட்டே இருக்காதே" என்றார் என்று இப்போது புரிகிறதா? செல்ஃப் மோட்டார் பிறவியிலேயே கொஞ்ச நேர வேலைக்காரன். ஐந்து, ஆறு வினாடிக்கு மேல் விடாமல் இழுத்தால் அதுவும் சூடாகும், பேட்டரியும் படுத்துவிடும். பேட்டரி இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-லேயே ஈய-அமில பேட்டரியைச் செய்துவிட்டார், காரே பிறக்காத காலத்தில்!

சரி, எங்கள் தெருவுக்கு வருவோம். மெக்கானிக் ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்து, என்னை ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. ஆக, 'தேல்' இல்லை, 'கரண்ட்'. உடனே ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே வேர்த்திருந்தது. "டெல்கோ மே பானி."

டெல்கோ என்றால் டாடாவின் லாரி கம்பெனி என்றுதான் எனக்குத் தெரியும். இதில் டாடா எங்கே வந்தார்? அவர் சொன்னது டிஸ்ட்ரிபியூட்டரை. வடக்கே பல மெக்கானிக்குகள் அதை இப்படித்தான் சொல்கிறார்கள். கெட்டரிங் 1909-ல் ஒஹையோவின் டேட்டன் நகரத்தில் தொடங்கிய 'டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி'யின் சுருக்கம்தான் டெல்கோ. செல்ஃபுக்கு முன்னால் அவர் காடிலாக்குக்குக் கொடுத்தது இந்தப் பொறி கொடுக்கும் ஏற்பாடு.

விஷயம் எளிது. ஒரு ஜோடி பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். பாயிண்ட் திறந்த அந்தக் கணம் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உதறும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைவைத்து நாலு பிளக்குக்கும் பங்கு போடும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 6000 பொறி. மூடிக்குள் ஈரம் இருந்தால் அத்தனை வோல்ட்டும் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் மேலேயே ஒழுகிவிடும். பழைய கார்கள் மழை நாளில் மக்கர் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவில் பிறந்த இந்த ஏற்பாடு, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக 1957-ல் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடராகி, எங்கள் வாசலில் வேர்த்து நின்றது.

மெக்கானிக் லுங்கி முனையால் மூடியைத் துடைத்தார், பாயிண்டில் சன்னமாக உப்புத்தாள் போட்டார். வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருந்த பேட்டரியைத்தான் நான் தின்றுவிட்டேனே! தெருவில் தண்ணீர், தள்ள ஆளில்லை. டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்தேன். மறுபடி போன்.

"நியூட்ரல்ல இருக்கா பாரு, ஹேண்ட் பிரேக் போடு. கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து ஒரே பக்கமா வை, ஹேண்டிலைச் சுத்திப் பிடிக்காதே. கீழேருந்து மேல இழு, மேலேருந்து அழுத்தாதே."

காடிலாக் காலத்துப் பயம் முழுசும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. எதிர் உதை வந்தாலும் ஹேண்டில் விரல்களை விட்டு நழுவிப் போகும், கை தப்பும். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரயிலையும் பிடித்தோம்.

பழைய வண்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு அப்பாவின் வரிசையை எழுதிவைக்கிறேன்.

1. செல்ஃப் சுற்றவே இல்லையா? பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் விட்டுத் துடைத்து இறுக்குங்கள்.

2. சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பொறி. மூடியில் ஈரம், விரிசல் உண்டா, பாயிண்ட் இடைவெளி சரியா (அம்பாசடருக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர்), கன்டென்சர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பொறி இருந்தால் பெட்ரோல். மே மாத வெயிலில் பம்ப் சூடாகி உள்ளே ஆவி அடைத்திருந்தால் மேலே ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள்.

4. பெட்ரோல் நெடி குப்பென்று வந்தால் எஞ்சின் குடித்துவிட்டது என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுசும் மிதித்தபடி அடியுங்கள்.

2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாடு இறுகியதும் புதுக் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பாயிண்ட் வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. அம்பாசடர் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. இப்போது என் கார் கிளம்பாவிட்டால் பேட்டரியைப் பார்ப்பதோடு என் வித்தை முடிந்துவிடும். மற்றதற்கு ஸ்கேனரோடு ஆள் வர வேண்டும்.

அன்றைக்குக் கல்யாண மண்டப வாசலில் அப்பா நின்றிருந்தார். பேரனைத் தூக்கிக்கொண்டார், மருமகளை விசாரித்தார். என்னைப் பார்த்து ஒரே கேள்வி.

"பாயிண்ட் கேப்பு எவ்வளவு வச்சான்?"